முழங்கால் வெண்மையும் முன்கழுத்துச் சுரப்பியும்

வெள்ளிக்கிழமை காலையில் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய், குழந்தையின் முழங்காலில் மிளகளவாக ஒரு வெள்ளைப் புள்ளியைக் காண்கிறாள். விரலால் அழுத்தித் தேய்க்கிறாள்; சுண்ணாம்பாய் இருந்தால் போயிருக்கும்; போகவில்லை. "தேமல்தானம்மா, வெயில் காலம் கழிந்தால் தானே மறைந்துவிடும்" என்று வீட்டுப் பாட்டி தேறுதல் சொல்கிறாள். ஆனால் இரண்டு மாதத்தில் அந்தப் புள்ளி ஒரு ரூபாய் நாணயத்தளவு விரிந்து, மற்ற முழங்காலிலும் அதற்கு ஜோடியாக ஒன்று தோன்றி, கண்ணோரத்திலும் ஒரு வெண்கீற்று எழுந்தபின், தேமல் என்று சொன்ன வாய்களெல்லாம் மௌனமாகிவிடுகின்றன. அன்று முதல் அந்தக் குடும்பத்தின் கவலை, பணம், பிரார்த்தனை யாவும் அந்தப் புள்ளிகளின் மேலேயே குவிகின்றன. அதற்கிடையில், சென்ற தீபாவளிக்குத் தைத்த பாவாடை இந்தத் தீபாவளிக்கும் குழந்தைக்குச் சரியாகவே இருப்பதையும் அதே தாய் பார்க்கிறாள். துணிச் செலவு ஒன்று மிச்சமாயிற்று என்று சற்றே ஆறுதலும் அடைகிறாள்.

இந்தத் தாயும் மகளும் நான் கற்பித்துக்கொண்டவர்களே எனினும், சரும வைத்தியர்களுக்கும் குழந்தை வைத்தியர்களுக்கும் இத்தகைய காட்சி புதிதன்று. வெண்புள்ளி உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து விளைவிப்பதில்லை. ஆனால் நீளாத அந்தப் பாவாடையோ, குழந்தையின் கழுத்துக்குள் ஒரு சிறு சுரப்பி மெல்ல மெல்லத் தளர்ந்து வருவதற்கு அறிகுறியாய் இருக்கக்கூடும். கண்ணை உறுத்தும் தீங்கற்ற ஒன்றைக் கண்டு கலங்கி நிற்கும் நாம், கண்ணுக்குப் படாததும், காலத்தில் அறிந்தால் மிக எளிதாகத் திருத்தக்கூடியதுமான மற்றொன்றைக் கவனியாமல் விட்டுவிடுகிறோம். அந்த இரண்டுக்கும் உள்ள உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வெண்புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மவர் இதற்கு நெடுங்காலமாக வழங்கி வந்த 'வெண்குஷ்டம்' என்னும் பெயரே ஓர் அநியாயம். குஷ்டரோகம் கிருமியால் வருவது. அதன் படை வெளிறியிருக்குமே ஒழியப் பால்போல வெளுத்திராது. அவ்விடத்தில் தொட்டுணர்ச்சியும் குன்றியிருக்கும். வெண்புள்ளியிலோ கிருமியும் இல்லை, தொற்றும் இல்லை. உணர்ச்சி மற்ற இடங்களில் எப்படியோ அப்படியே இருக்கும். இக்காலத்தில் பழைய பெயரை விலக்கி 'வெண்புள்ளி' என்று சொல்லும் வழக்கம் பரவி வருவது, ஒரு வார்த்தையினால் நேர்ந்த கொடுமைக்கு ஒரு வார்த்தையினாலேயே பரிகாரம் தேடியதாகும். பாட்டி சொன்ன தேமலும் வேறு. குழந்தைகளின் கன்னத்தில் வரும் தேமல் மங்கலாய், ஓரம் தெளியாமல், சற்றே செதிள் படர்ந்து காணும். ஐயம் உள்ள இடத்தில் வைத்தியர் இருட்டறையில் ஊட்ஸ் விளக்கு என்னும் புற ஊதாக் கதிர் விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். வெண்புள்ளியானால் அந்த ஒளியில் நீலம் கலந்த வெண்மையாய்ப் பளிச்சென்று தெரியும்.

நம் சருமத்துக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கருநிறப் பொருள். அதைச் சமைப்பவை மேல்தோலின் அடியில் வரிசையாய் அமர்ந்திருக்கும் மெலனோசைட் என்ற உயிரணுக்கள். அவை அழிந்துபோன இடமே வெண்புள்ளி. உலக ஜனங்களில் நூற்றுக்கு அரையிலிருந்து இரண்டு பேர் வரை இந்நிலை உடையவர்கள் என்பது பொதுவான கணிப்பு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள்ளேயே இது தோன்றிவிடுகிறது. ஆகையால் இதைக் குழந்தைப் பருவத்தின் வியாதிகளுள் ஒன்றாகவே கருத வேண்டும். உராய்வும் காயமும் படும் இடங்களில் இது எளிதாய்ப் பரவும் சுபாவமுடையது. விழுந்து விழுந்து சிராய்க்கும் முழங்காலிலும், நாடாவை இறுக்கிக் கட்டும் இடுப்பிலும் குழந்தைகளுக்கு அடிக்கடி தோன்றுவதன் காரணம் இதுவே.

மெலனோசைட்டுகளை அழிப்பது யார் என்று கேட்டால், விடை சற்று விசித்திரமானது. வெளியிலிருந்து வரும் கிருமிகளைக் கொல்வதற்காக நம் சரீரமே பயிற்றி வைத்திருக்கும் வெள்ளணுக்களில் ஒரு பிரிவினர், தம் சொந்த நிறமியணுக்களையே அந்நியர் என்று பிழையாக எண்ணிப் போய்த் தாக்குகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மேதை, சரீரம் தன்னைத்தானே தாக்க ஒருபோதும் துணியாது என்று கருதினார். அவருடைய பெருமையின் நிழலில் அந்த அபிப்பிராயம் பல்லாண்டுகள் நிலைத்தும் நின்றது. அதைத் தகர்த்தது, வேடிக்கையாக, தோலைப் பற்றிய ஆராய்ச்சியன்று. கழுத்துச் சுரப்பியைப் பற்றிய ஆராய்ச்சியே.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த பட்டாம்பூச்சியைப்போல மூச்சுக்குழாயை அணைத்துக்கொண்டிருக்கும் தைராய்டு சுரப்பி, உணவிலிருந்து அயோடினைப் பிடித்து வைத்து, அதைக்கொண்டு தைராக்ஸின் முதலிய ஹார்மோன்களைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. உடம்பின் சூடு, இருதயத்தின் துடிப்பு, குடலின் ஓட்டம், எலும்பின் நீட்சி, புத்தியின் சுறுசுறுப்பு ஆகிய யாவும் இந்த ஹார்மோனை எதிர்பார்த்தே நடைபெறுகின்றன. 1912-ஆம் ஆண்டில் ஹகாரு ஹஷிமோட்டோ என்னும் இளம் ஜப்பானிய வைத்தியர், கழுத்து வீங்கிய நான்கு பெண்களிடமிருந்து அறுத்தெடுத்த சுரப்பிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றுள் வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாய்ப் புகுந்திருப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அவை அங்கே ஏன் வந்தன என்பது 1956 வரை விளங்கவில்லை. அந்த ஆண்டில் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலானோர், இத்தகைய நோயாளிகளின் இரத்தத்தில் அவர்களுடைய தைராய்டுக்கே விரோதமான எதிர்ப்பொருள்கள் உலவுவதைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ரோஸ், விட்டெப்ஸ்கி என்ற இருவர், முயல்களின் தைராய்டுச் சாற்றை முயல்களுக்கே ஊசி வழியாய்ச் செலுத்தி, அவை தம் சுரப்பியைத் தாமே பகைக்கும்படி செய்து காட்டினர். சரீரம் தன்னைத் தாக்கும் என்பது அன்று ருசுவாயிற்று.

நம் நாட்டிலும் தைராய்டு விஷயத்தில் 1956 ஒரு முக்கியமான வருஷமே. இமயத்தின் அடிவாரத்திலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில், கழுத்துக் கழலையால் நெடுங்காலமாகத் துன்புற்று வந்த ஜனங்களிடையே, அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பலனை அளந்து பார்க்கும் பெரிய ஆராய்ச்சியை வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் அவ்வாண்டில்தான் தொடங்கினார்கள். உப்பு அந்த நோயை அடக்கியது. அதன் விளைவாகவே இன்று நம் சமையலறை உப்பில் அயோடின் இருக்கிறது. ஆனால் காங்ராவில் கழலை வந்தது சுரப்பிக்குத் தீனி இல்லாததால். வெண்புள்ளிக் குழந்தையின் சுரப்பி கெடுவது, தீனி இருந்தும் காவலரே கொள்ளையிடுவதால். முன்னதற்கு உப்பு மருந்து. பின்னதற்கு உப்பைக் கூட்டுவதால் பயனில்லை. அயோடினை அளவு மீறிக் கொடுத்தால் தீங்கு அதிகரிக்கவும் கூடும். "கழுத்துச் சுரப்பிக் கோளாறா? அயோடின் போதவில்லை" என்று சொல்லிக் கடற்பாசி மாத்திரைகளை வாங்கிக் கொடுப்பவர்கள் இந்தப் பேதத்தை நினைவில் வைக்க வேண்டும்.

தோலுக்கும் தைராய்டுக்கும் உறவு உண்டாவது இந்த இடத்தில்தான். தன்னையே அந்நியமாய்க் கருதும் மயக்கம் ஓர் உறுப்பில் தொடங்கினால், அதே சுபாவம் மற்றோர் உறுப்பிலும் தலைகாட்டும் வாய்ப்பு மிகுதி. இரண்டு நோய்களுக்கும் பொதுவான சில மரபணு வேற்றுமைகளை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். வெண்புள்ளிக் குழந்தையின் தாய்க்கோ பாட்டிக்கோ அத்தைக்கோ தைராய்டுக் கோளாறு இருப்பதும் வைத்தியர்கள் அடிக்கடி காண்பதே. ஆயினும் பரம்பரை ஒன்றே விதியாகிவிடாது. ஒரே கருவிலிருந்து பிரிந்து, மரபணுக்கள் யாவும் ஒன்றாயுள்ள இரட்டையரை ஆராய்ந்தபோது, ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால் மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்கு 23 ஜோடிகளில்தான். எஞ்சியதைக் காயமும் ரசாயனமும், நாம் இன்னும் கண்டறியாத பிற சந்தர்ப்பங்களும் தீர்மானிக்கின்றன.

இங்கே ஒரு ரசமான செய்தியையும் சொல்லலாம். தோலின் மெலனினும் சுரப்பியின் தைராக்ஸினும், டைரோஸின் என்னும் ஒரே புரத மூலப்பொருளிலிருந்து பிறப்பவை. ஒரே நெல்லிலிருந்து ஒரு வீட்டில் சோறும் மற்றொரு வீட்டில் பொரியும் ஆவதுபோல. ஆனால் இரு நோய்களும் சேர்ந்து வருவதற்கு இதுதான் காரணம் என்று கொள்ளலாகாது. டைரோஸினை மாத்திரையாக விழுங்கினால் இரண்டும் நீங்கும் என்று சொல்லும் வியாபாரிகளை நம்புவதற்கும் இதில் ஆதாரம் இல்லை.

எத்தனை குழந்தைகளுக்கு இவ்வாறு இரண்டும் சேர்ந்து வருகின்றன? ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி எண்கள் மாறுகின்றன. பொதுவாகச் சொன்னால், பத்தில் ஒருவர் முதல் நால்வரில் ஒருவர் வரை. 2005-இல் கிரேக்க நாட்டு வைத்தியர்கள் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், வெண்புள்ளியுள்ள 54 குழந்தைகளில் 13 பேருக்கு ஹஷிமோட்டோ வகைத் தைராய்டு அழற்சி காணப்பட்டது; அந்நாட்டின் மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட இது இரண்டரை மடங்கு. வெண்புள்ளி முன்னே தோன்றி, சுரப்பியின் குறை பின்னே வருவதே பெரும்பாலான வழக்கம்; இடையில் பல ஆண்டுகளும் கழியலாம். ஆகவே முதல் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது என்பதற்காக, அந்தக் காகிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மறந்துபோவது சரியன்று.

எல்லா வெண்புள்ளியும் இவ்விஷயத்தில் ஒரு தன்மையினதும் அன்று. உடம்பின் இருபுறமும் ஜோடி ஜோடியாய்ப் பரவுவது ஒரு வகை. ஒரு பக்கத்தில் மட்டும், கன்னத்திலோ மார்பிலோ ஒரு பட்டையாய்த் தோன்றி, சில மாதங்கள் விரிந்து, பிறகு அப்படியே நின்றுவிடுவது மற்றொரு வகை. இந்த ஒருபக்க வகை பெரியவர்களைவிடக் குழந்தைகளிடையே அதிகம். ஆனால் இதற்கும் தைராய்டுக்கும் உறவு மிக அரிது. இரண்டு முழங்காலும் ஒருங்கே வெளுத்த குழந்தைக்கே கழுத்துச் சுரப்பியைப் பற்றிய விசாரணை முக்கியமாகிறது.

அந்தச் சுரப்பி தளரும்போது குழந்தை என்ன சொல்லும்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. பெரியவர்கள் 'உடம்பு அசத்துகிறது' என்று முறையிடுவார்கள். குழந்தைக்கோ எது இயல்பான சுறுசுறுப்பு என்பதே தெரியாதாகையால், அது தன் மந்தத்தையும் இயல்பென்றே எண்ணிக்கொள்ளும். ஆகவே பார்த்து அறிய வேண்டியவர்கள் நாமே. பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயர வேண்டிய குழந்தை அவ்வளவு உயராமல் நிற்பது முதன்மையான அடையாளம். மாலையில் விளையாடப் போகாமல் தூங்கி விழுவது, மலச்சிக்கல், மற்றவர்க்கு இதமான காற்றில் தனக்கு மட்டும் குளிர்வது, தோல் வறண்டு முடி உதிர்வது, உணவு கூடாமலே உடம்பு சற்றுப் பருப்பது, பருவமடைதல் தாமதப்படுவது, முன்கழுத்தில் மெல்லிய வீக்கம் தோன்றுவது ஆகியவை பின்தொடரும். சிலருக்கு இதற்கு நேர்மாறாகச் சுரப்பி மிகைப்பட்டு ஓடுவதும் உண்டு. அப்போது குழந்தை நிறைய உண்டும் மெலியும், காரணமின்றிச் சினக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். நேற்றுவரை முத்துமுத்தாக எழுதிய பிள்ளையின் கையெழுத்துத் திடீரென்று கோணலானால், அடிக்கக் கை ஓங்குவதற்கு முன்னால் அவன் விரல்களை நீட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

பரிசோதனை மிகச் சாதாரணமானது. கையிலிருந்து சிறிதளவு இரத்தம் போதும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்கும்பொருட்டு அனுப்பும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். சுரப்பி சோர்ந்தால் எஜமானனின் அதட்டல் உயர்வதுபோல இந்த அளவு ஏறும். அதனோடு தைராக்ஸினையும், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளையும் அளப்பது உண்டு. ஒவ்வொரு வெண்புள்ளிக் குழந்தைக்கும் ஆண்டுதோறும் இதைச் செய்ய வேண்டுமா என்பதில் வைத்தியர்களிடையே அபிப்பிராய பேதம் இருக்கிறது. இருபுறமும் பரவும் வகையாயின் தொடக்கத்தில் ஒருமுறை பார்ப்பதும், எதிர்ப்பொருளோ குடும்ப வரலாறோ மேற்சொன்ன அறிகுறியோ இருந்தால் ஆண்டுக்கொருமுறை தொடர்வதும் பலரும் கைக்கொள்ளும் முறை. இதில் பெற்றோர் அறிய வேண்டியவை இரண்டு. எதிர்ப்பொருள் மட்டும் இருந்து, டி.எஸ்.எச். சரியான அளவில் இருந்தால், அது நோயன்று, எச்சரிக்கை மாத்திரமே, பெரும்பாலும் மருந்து வேண்டுவதில்லை, கண்காணிப்பே வேண்டும். மற்றொன்று, முடிக்கும் தோலுக்கும் நல்லது என்று கொடுக்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் இந்தப் பரிசோதனையின் கணக்கையே புரட்டிவிடக்கூடும். அப்படி ஏதேனும் கொடுத்து வந்தால், இரத்தம் எடுப்பதற்குச் சில நாட்கள் முன்பே வைத்தியரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

சுரப்பி மெய்யாகவே குன்றியிருந்தாலும் நடுங்க வேண்டியதில்லை. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் ஜார்ஜ் மர்ரே என்ற வைத்தியர், தைராய்டு வற்றிச் சாகக் கிடந்த ஒரு மாதுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே ஏற்றினார்; அந்த அம்மாள் அதன்பின் 28 வருஷம் வாழ்ந்தாள். இன்று ஆடு வேண்டுவதில்லை. சுரப்பி செய்யும் அதே தைராக்ஸினை ரசாயன சாலையில் செய்து, விலை குறைந்த சிறு மாத்திரையாகத் தருகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துப் பலகாரம் கொடுக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதனோடு சேர்க்காமல் நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும். நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் வைத்தியரின் பொறுப்பு. ஒன்றை மட்டும் எதிர்பார்த்து ஏமாறக்கூடாது: இந்த மாத்திரை குழந்தையை வளர்க்கும்; வெண்புள்ளியை மாற்றாது.

வெண்புள்ளிக்கென்று தனி வைத்தியம் உண்டு. அதன் கதையும் பழையது. நம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் கார்போகரிசியையும், எகிப்தியர் நைல் நதிக்கரையில் விளையும் மற்றொரு செடியையும் கொடுத்து நோயாளியை வெயிலில் நிறுத்தினார்கள். 1940-களில் கெய்ரோவில் எல் மோஃப்டி என்பவர் அந்த எகிப்தியச் செடியின் சத்துக்களைக்கொண்டு இவ்வைத்தியத்தை விஞ்ஞான முறையில் சோதித்தார். கார்போகரிசியைத் தானே அரைத்துப் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளித்து, அந்தப் புண்ணிலேயே புதிய புள்ளி எழும் அபாயம் உண்டு. குழந்தைகளிடம் இதைச் செய்து பார்ப்பது சற்றும் தகாது. இன்று குழந்தைகளுக்குப் பூச்சு மருந்துகளும், பரவல் அதிகமானால் குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. 2022-இல் ருக்ஸோலிடினிப் என்ற களிம்பு, அமெரிக்காவில் 12 வயதினருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் அனுமதிக்கப்பட்டது. நிறம் திரும்பும்போது மயிர்க்கால்களைச் சுற்றி எள்ளு எள்ளாகக் கருமை துளிர்க்கும்; அங்கே நிறமியணுக்களின் விதை ஒளிந்திருப்பதே காரணம். அதனால்தான் முகம் விரைவில் தேறுகிறது. மயிரில்லாத விரல் நுனியும் உதடும் பிடிவாதம் செய்கின்றன. மாதங்கள் பல ஆகும். பொறுமையும் மருந்தின் ஒரு பகுதியே.

உணவைப் பற்றிய பத்தியங்களுக்கோ கணக்கில்லை. மீனும் தயிரும் சேர்ந்ததால் வந்தது என்பார்கள். பாலும் புளிப்பும் ஆகாது என்பார்கள். இவற்றுக்கு ஆதாரம் ஏதுமில்லை. உயரம் நின்றுபோன குழந்தையின் தட்டிலிருந்து பாலையும் மீனையும் எடுத்துவிடுவது, தளர்ந்தவனை மேலும் பட்டினி போடுவதாகும். நிறம் மாறியதால் குழந்தைக்கு நேரும் துன்பத்தில் பெரும் பங்கு தோலில் இல்லை. பக்கத்து இருக்கைப் பிள்ளை தள்ளி உட்காருவதிலும், உறவினர் கல்யாணத்தில் முழுக்கை சட்டையைத் தேடி அணிவிப்பதிலும், தன் காது கேட்க 'இவளை எப்படிக் கட்டிக் கொடுக்கப் போகிறீர்கள்' என்று பெரியவர்கள் பேசுவதிலுமே இருக்கிறது. இதற்குப் பூச்சு மருந்து கிடையாது. வீட்டாரும் ஆசிரியரும் வாயை அடக்குவதே வைத்தியம்.

வெண்புள்ளியுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தைராய்டு கடைசிவரை நன்றாகவே இருக்கும். அந்தப் பெரும்பாலோருள் நம் குழந்தையும் ஒன்றா என்று அறிய அதிகச் செலவும் ஆகாது. வீட்டுக் கதவின் நிலையில் குழந்தையை நிறுத்தி, தலைமட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுக் கோடு போடுங்கள். கோடுகள் நெருங்கி வந்தாலும், சென்ற வருஷத்துப் பாவாடை இந்த வருஷமும் சரியாக இருந்தாலும், துணி மிச்சம் என்று மகிழாமல், அந்தக் கணக்கோடு குழந்தையை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.